ஒரு முழம் ரேந்தைக்கு என்ன கூலி?

“ரேந்தை” என்ற சொல்லை உங்கள் அம்மம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், தம்பி தங்கைகளே. உங்களில் பலருக்கு லேஸ் என்றால்தான் தெரியும். சிலருக்கு ஜெர்மன் பள்ளியில் கேட்ட ‘ஷ்பிட்ஸ’. ஆனால் யாழ்ப்பாணத்துப் பாட்டிமாருக்கும், எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பாட்டிமாருக்கும் அது ரேந்தைதான். தலையணை உறையின் ஓரத்திலும், ஞானஸ்நானத்துக்குப் பிள்ளைக்குப் போடும் வெள்ளைச் சட்டையின் கழுத்திலும் வைத்துத் தைப்பார்களே, அந்தப் பின்னல். போர்த்துக்கேய மொழியில் லேஸுக்கு ‘ரெண்டா’ என்று பெயர். அதுதான் நம் வாயில் ரேந்தை ஆனது. இலங்கையின் தெற்குக் கரையில், காலி, வெலிகம பக்கத்தில் பெண்கள் பின்னும் லேஸைப் ‘பீரலு’ என்கிறார்கள். அதுவும் போர்த்துக்கேயச் சொல்தான். நூல் சுற்றும் சிறு கட்டைக்கு அவர்கள் சொல்லும் ‘பில்ரோ’ அப்படித் திரிந்துவிட்டது.

இந்தியக் கைவினை என்றால் காஞ்சிபுரம் பட்டு, கலம்காரி, தோடர் எம்பிராய்டரி என்று பேசுவார்கள். ரேந்தையை அந்தப் பட்டியலில் யாரும் எளிதில் சேர்ப்பதில்லை. வெள்ளைக்காரர் கொண்டுவந்தது என்று தள்ளிவிடுவார்கள். நான் அதைத்தான் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரில் இந்தப் பின்னலின் கூலியைச் சேர்த்து அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். ஆந்திராவில் நர்சாப்பூர் என்ற ஊரில், அதே போன்ற பின்னலை நாளெல்லாம் பின்னியும் ஒரு ஆள் சாப்பாட்டுக்குக்கூடக் கூலி கிடைக்காத பெண்கள் இருந்தார்கள். நூலும் விரலும் ஒன்றுதானே, பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

மார்த்தா அம்மாவின் பள்ளிக்கூடம்

சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதி 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். லண்டன் மிஷன் சங்கத்தார். அந்த மிஷனுக்குத் திருவிதாங்கூரில் முதல் கால் ஊன்றியவர் ஆங்கிலேயர் அல்ல என்பது நமக்குச் சுவாரசியமான செய்தி. சிலேசியாவில் பிறந்து, ஹாலே நகரில் படித்த ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்கு வந்து, மயிலாடியில் வேலையைத் தொடங்கியிருந்தார். அவர் போன பிறகு வந்தவர்கள்தான் மீடும் மால்ட்டும்.

மார்த்தா பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளி நடத்தினார். இன்று நாகர்கோவிலில் டதி பெண்கள் பள்ளி என்று சொன்னால் ஆட்டோக்காரர் நேராகக் கொண்டுபோய் விடுவாரே, அதன் வேர் அங்கேதான். அன்றைக்குப் பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்றால் பெற்றோர் கேட்ட கேள்வி, படித்து அவள் என்ன சம்பாதிக்கப் போகிறாள் என்பது. காட்டிலும் வயலிலும் பிள்ளையின் கை ஒரு கூலிக் கை. அதை விட்டுக்கொடுக்க ஏழைக் குடும்பத்தால் முடியாது. 1820களின் தொடக்கத்தில் மார்த்தா லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். காலையில் எழுத்து, பிறகு பின்னல், பின்னியதற்குக் கூலி. பெற்றோரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அந்தக் கூலியின் அருமை தெரிய வேண்டுமானால் அன்றைய திருவிதாங்கூரை அறிய வேண்டும். அங்கே மனிதரை மனிதர் விற்றார்கள், வாங்கினார்கள், அடகு வைத்தார்கள். 1836இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகள் மட்டும் 1,64,864 பேர். புலையர், பறையர், குறவர் சமூகத்தார்தான் பெரும்பாலும். நிலத்தோடு சேர்த்து அவர்களும் கைமாறினார்கள். அரசு அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டது 1855இல்தான். மார்த்தாவின் பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் அடிமைப் பெற்றோரின் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களில் சிலர் ரேந்தைக் கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, எசமானுக்கு விலையைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் எழுத்துகள் சொல்கின்றன. ஆணை வருவதற்கு முன்னமே, அரசர் தராததை ஒரு பெண் நூலால் வாங்கிவிட்டாள்.

ஞாயிறு பள்ளியில் மீட்பு, மீட்பு என்று எத்தனை தரம் சொல்லியிருப்போம்? விலை கொடுத்து வாங்குவது என்ற அதன் பச்சை அர்த்தத்தில் அந்தச் சொல் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் விரலிடுக்கில் இருந்ததை எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த ரேந்தை போய்ச் சேர்ந்தது ஆங்கிலேய அம்மாமாரின் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும். அதே ஊரில், அன்று சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் பெண்களும், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட பெண்களும் மேல்சாதியார் முன்னே மார்பை மூடக்கூடாது. மூடினால் சந்தையில் வைத்துச் சீலையைக் கிழித்தார்கள். கிறிஸ்தவப் பெண்களுக்காக மிஷன் வீட்டு அம்மாமார் தளர்வான ஒரு சட்டையை, குப்பாயத்தை, தைக்கச் செய்தார்கள். 1829இல் வந்த அரசாணை அந்தச் சட்டையை அனுமதித்தது. மேல்சாதிப் பெண்களைப் போல மேலே சீலை போடுவதைத் தடுத்தது. சண்டை ஓயவில்லை. 1859 ஜூலை 26இல் வந்த அரசாணைதான் நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ள வழிவிட்டது. அதிலும் மேல்சாதியார் போல உடுக்கக்கூடாது என்று ஒரு கொக்கி. ஆக, உலகத்திலேயே மெல்லிய, அழகான கரையைப் பின்னுகிற ஒருத்தி, தன் தோளில் ஒரு முழத் துணியைப் போட உரிமை இல்லாமல் முப்பது நாற்பது வருடம் பின்னிக்கொண்டிருந்தாள்.

மார்த்தாவின் மகள் எலைசாவை நமக்கு வேறு பெயரில் தெரியும். அவர் 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடிக்குப் போனார். கணவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிக்கொண்டிருக்க, நாகர்கோவிலில் தமிழ் பேசி வளர்ந்த மனைவி தேரிமணலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, தாயிடம் கற்ற லேஸைக் கற்றுக்கொடுத்தார். இடையன்குடி லேஸ் என்று அதற்குத் தனிப் பேர் வந்தது. கால்டுவெல்லின் சிலை சென்னைக் கடற்கரையில் நிற்கிறது. பிற்பாடு 1897இல், லேஸுக்குப் பேர்போன பெல்ஜியத்திலிருந்து மரி லூயிஸ் டி மேஸ்டர் அம்மையார் எங்கள் மாவட்டத்து முளகுமூட்டுக்கு வந்து, அநாதைப் பிள்ளைகளை வைத்துப் பராமரித்தபோது, அங்கேயும் ஊசியும் நூலும் பிழைப்பாயின. என் சித்தி பின்னக் கற்றதும் ஒரு கன்னியர் மடத்துத் தையல் கூடத்தில்தான்.

எல்லாமே நன்மையாக முடிந்தது என்று எழுதிவிட்டுப் போகலாம். எனக்கு மனம் வரவில்லை. லேஸ் விற்ற லாபம் பெண்கள் பள்ளிகளுக்கும், வீடு வீடாகப் போகும் பைபிள் ஸ்திரீகளின் சம்பளத்துக்கும் உதவியது. நல்ல காரியம்தான். ஆனால் ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்கு அடக்கமான, வீட்டுக்குள் உட்கார்ந்து செய்யும், வெயில் படாத வேலை இது என்ற ஒரு எண்ணமும் கூடவே வளர்ந்தது. மார்த்தாவின் பெயர் நமக்குக் கிடைக்கிறது, எலைசாவின் பெயர் கிடைக்கிறது. தன்னையே விலை கொடுத்து வாங்கிய பெண்ணின் பெயரை நம் சபைகளில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

குறுக்கும் முறுக்கும்

நான் வேலை செய்யும் வார்டில் ஒருமுறை சாக்சனிப் பக்கத்து முதிய அம்மா ஒருவர் இருந்தார். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். மறதி நோய் முற்றிவிட்டது. மகளையே யாரென்று கேட்பார். ஆனால் போர்வைமேல் கை ஓயாது. இரண்டு கையும் எதையோ எடுத்து எதன்மேலோ போட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் நர்சிங் குறிப்பில் ‘அமைதியின்மை’ என்று எழுதினோம். மகள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்: “அது அமைதியின்மை இல்லை, அம்மா க்லோப்பெல்ன் செய்கிறாள்.” மறுநாள் வைக்கோல் அடைத்த உருண்டைத் தலையணை ஒன்றைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். நூல் சுற்றிய மரக்கட்டைகள் பத்துப் பன்னிரண்டு தொங்கின. அந்தக் கை சரியான கட்டையைத் தானே எடுத்தது.

எங்கள் சித்தியின் தலையணை அதேதான். முறையும் அதேதான். அட்டையில் வரைந்த மாதிரியைத் தலையணைமேல் வைத்து, புள்ளிக்குப் புள்ளி குண்டூசி குத்துவார்கள். நூல்கள் சோடி சோடியாக இயங்கும். ஒரு நேரத்தில் கையில் நான்கு நூல். நடுவிலுள்ள இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று போட்டால் குறுக்கு. ஒவ்வொரு சோடியையும் தனக்குள் சுற்றினால் முறுக்கு. இந்த இரண்டைத் தவிர வேறு அசைவு கிடையாது. எவ்வளவு பெரிய பூவும் மயிலும் குறுக்கு, முறுக்கு, ஊசி, மறுபடி குறுக்கு. ஆனால் இருபது முப்பது சோடி தொங்கும்போது எந்தக் கட்டையை எப்போது எடுப்பது என்பதில் ஒன்று பிசகினால் முழுப் பூவையும் பிரிக்க வேண்டும். ஊசி மருந்து ஏற்றும்போது நாங்கள் மூன்று தரம் சரிபார்ப்போமே, அந்த மாதிரிக் கவனத்தை எட்டு மணி நேரம் தொடர்ச்சியாகக் கேட்கிற வேலை.

அந்த அம்மாவின் ஊர்ப் பக்கம் எர்ஸ்கெபிர்கெ. செக் எல்லையில், வெள்ளிச் சுரங்கங்கள் இருந்த மலை. அங்கே அன்னாபெர்க் நகரின் சந்தைச் சதுக்கத்தில் பார்பரா ஊட்மான் என்ற பெண்ணுக்கு 1886இல் வைத்த சிலை நிற்கிறது. 1561இல் இவர்தான் மலைக்கு லேஸ் பின்னலைக் கொண்டுவந்தார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. கதையை விட்டாலும், கணவர் இறந்த பிறகு சுரங்கத் தொழிலையும் பின்னல் வியாபாரத்தையும் தானே நடத்தி, சுமார் 900 பெண்களுக்கு வேலை கொடுத்தவர் அவர். 1575இல் இறந்தார். சுரங்கம் வற்ற வற்ற, சுரங்கத் தொழிலாளியின் மனைவியும் பிள்ளைகளும் பின்னினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை அந்த மலையில் வந்தது. நூலையும் மாதிரியையும் கொடுத்து, பின்னியதை வாங்கிக்கொண்டு போகிறவரை ‘ஃபெர்லேகர்’ என்பார்கள். விலையை வைப்பது அவர். பின்னுகிறவளுக்கு நகரத்துச் சந்தை தெரியாது. நகரத்துச் சந்தைக்கு அவளைத் தெரியாது.

பிறகு இயந்திரம் வந்தது. அதே சாக்சனியில் பிளவ்வன் நகரம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இயந்திர எம்பிராய்டரியால் லேஸ் செய்யத் தொடங்கியது. கரையக்கூடிய துணியின்மேல் இயந்திரம் தைக்கும். பிறகு துணியைக் கரைத்துவிட்டால் நூல் மட்டும் லேஸாக நிற்கும். கெட்டிக்கார யோசனை. 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் பெரும் பரிசு வாங்கினார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத ஒரு கரை, கைப்பின்னலில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தால், கையால் பின்னுகிறவள் தன் கூலியைக் குறைக்காமல் என்ன செய்வாள்? அன்னாபெர்க்கும் நாகர்கோவிலும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. ஆனால் இந்த அடி இரண்டு இடத்துக்கும் சேர்ந்தே விழுந்தது.

ஜெர்மனி இதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1951இல் வீட்டிலிருந்து கூலிக்கு வேலை செய்பவர்களுக்கென்று ஒரு சட்டம் இயற்றினார்கள். வேலை கொடுப்பவர் கூலி விகிதத்தை எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். வேலை செய்பவருக்குக் கூலிப் புத்தகம் கொடுத்து, எவ்வளவு வேலை, எவ்வளவு கூலி என்று எழுத வேண்டும். வீட்டில் உட்கார்ந்து செய்தாலும் அது வேலைதான் என்று அரசு மையால் எழுதிவைத்தது.

கோலோனிலிருந்து போன பெண்

மரியா மீஸ் என்ற பெயரை உங்கள் பல்கலைக்கழக வகுப்பில் யாராவது கேட்டிருக்கலாம். ஐஃபெல் பகுதியில் ஒரு பெரிய விவசாயக் குடும்பத்தில் 1931இல் பிறந்தவர். 1960களில் புனே நகரின் கோத்தே நிலையத்தில் ஜெர்மன் கற்பித்தார். திரும்பி வந்து கோலோனில் பேராசிரியரானார். அங்கே அடிபட்ட பெண்களுக்கு ஒரு புகலிட இல்லம் எழும்ப 1976இல் முன்னே நின்றவர்களில் ஒருவர். 1970களின் கடைசியில் அவர் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்துக்குப் போய், நர்சாப்பூரிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் லேஸ் பின்னும் பெண்களோடு உட்கார்ந்து விசாரித்தார். 1982இல் அது புத்தகமாக வந்தது.

அங்கேயும் இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர்கள் 19ஆம் நூற்றாண்டு மிஷனரிகளே. நாகர்கோவிலில் தலையணையும் கட்டையும். இங்கே குரோஷே ஊசி. கிறிஸ்தவப் பெண்களிடம் தொடங்கியது, காலப்போக்கில் வீட்டை விட்டு வெளியே வராத காப்பு சாதிப் பெண்களிடம் பரவியது. ஒருத்தி பூப் பூவாகப் பின்னுவாள். இன்னொருத்தி பூக்களைக் கோத்து இணைப்பாள். ஏஜெண்ட் நூலைக் கொண்டுவந்து கொடுப்பார், பின்னியதை எடுத்துப் போவார். முடிந்த மேசை விரிப்பு கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகும். முழு விரிப்பையும் கண்ணால் பார்க்காமலே வாழ்நாளெல்லாம் பூ பின்னியவர்கள் உண்டு.

சமையல், தண்ணீர், மாடு, பிள்ளை என்ற வேலைகளுக்கு மேல் நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னினார்கள் அந்தப் பெண்கள். கிடைத்தது, வயலில் இறங்கி வேலை செய்த தலித் பெண்களின் கூலியைவிடக் குறைவு. இருந்தாலும் அவர்கள் தங்களை உயர்வாக நினைத்துக்கொண்டார்கள். நாங்கள் வெயிலில் நிற்கவில்லையே, வீட்டில்தானே இருக்கிறோம் என்றார்கள். வியாபாரிகளைக் கேட்டால், இவர்கள் குடும்பப் பெண்கள், சும்மா இருக்கும் நேரத்தில் பொழுதுபோக்காகப் பின்னுகிறார்கள் என்றார்கள். அரசின் கணக்கிலும் அவர்கள் தொழிலாளிகளாக வரவில்லை. கணக்கில் வராதவளுக்குக் கூலியை உயர்த்து என்று யார் கேட்பது? இதற்கிடையில் அதே வீட்டு ஆண்களில் சிலர் ஏஜெண்டாகி, பிறகு வியாபாரியாகி, பணக்காரரும் ஆனார்கள். மனைவி பின்ன, கணவர் விற்றார்.

வேலை செய்கிற பெண்ணை இல்லத்தரசி என்று பெயர் வைத்து, அவள் வேலையைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குவதை மீஸ் ‘ஹவுஸ்ஃபிராவிசியரூங்’ என்றார். வாயில் நுழையாத சொல்தான். ஆனால் உங்கள் வீட்டில் ஹவுஸ்ஃபிராவ் என்றால் யார், அவர் காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார் என்று நினைத்துப் பார்த்தால் சொல் விளங்கிவிடும். மீஸ் 2023இல் காலமானார்.

நாகர்கோவிலுக்கும் நர்சாப்பூருக்கும் என்ன வித்தியாசம் என்று தொடக்கத்தில் கேட்டேன். எனக்குத் தோன்றுவது இதுதான். நாகர்கோவிலில் அந்தப் பிள்ளைகளின் பின்னலுக்குக் ‘கூலி’ என்று பெயர் இருந்தது, அது அவள் கையிலேயே வந்தது. நர்சாப்பூரில் அதே பின்னலுக்கு ‘ஓய்வு நேரம்’ என்று பெயர் வந்துவிட்டது. மிஷன் வீட்டில் விதைத்த அந்த ‘அடக்கமான வீட்டு வேலை’ என்ற எண்ணத்துக்கும் இதில் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். சிலருக்கு இது கசக்கலாம்.

ஒரு நர்ஸ் இதில் ஏன் இத்தனை ஆவேசப்படுகிறாள் என்று கேட்பீர்கள். எங்கள் தொழிலும் இதே வழியில் வந்ததுதான். டியூசல்டார்ஃப் பக்கத்தில் கைசர்ஸ்வெர்த்தில் 1836இல் ஃப்ளீட்னர் போதகர் டீக்கனஸ் இல்லத்தைத் தொடங்கினார். நவீன நர்சிங்குக்குத் தாய்வீடு என்று எங்கள் பாடப் புத்தகத்தில் படித்தோம். அந்த டீக்கனஸ் சகோதரிகளுக்குச் சம்பளம் கிடையாது. உணவு, உடை, கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு, முதுமையில் பராமரிப்பு. அவர்கள் செய்தது அருமையான ஊழியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நர்ஸ் வேலை ஊழியம், ஆகவே கணக்குப் பார்க்கக்கூடாது என்ற பேச்சின் வால் இன்றைக்கும் எங்கள் டூட்டி அறை வரைக்கும் நீண்டு கிடக்கிறது. கணக்கு எழுதுவதால் அன்பு குறைந்துவிடாது. 1995இல் ஜெர்மனியில் பராமரிப்புக் காப்பீடு வந்தபோது, வீட்டிலேயே முதியவரைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கும் மருமகளுக்கும் ஓய்வூதியக் கணக்கில் பணம் கட்ட வழி செய்தார்கள். வாரத்தில் குறைந்தது பத்து மணி நேரம், இரண்டு நாட்களாவது பிரித்து, பராமரிப்பு நிலை 2 அல்லது அதற்கு மேல் உள்ள ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்கள், வெளியே வாரம் முப்பது மணிக்கு மேல் வேலைக்குப் போகாதிருந்தால், பராமரிப்புக் காப்பீட்டு அலுவலகத்தில் படிவம் வாங்கி நிரப்பலாம். அம்மம்மாவை வீட்டில் வைத்துப் பார்க்கும் உங்கள் அம்மா நிரப்பிவிட்டாரா என்று இன்றைக்கே கேளுங்கள். ஜெர்மன் படிவம் என்று பயந்து விட்டுவிட்டவர்கள் நம் சபையிலேயே இருக்கிறார்கள்.

பஜார் மேசை

நர்சாப்பூர் குரோஷே லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிப் பட்டுக்கும் தோடர் எம்பிராய்டரிக்கும் ஏற்கெனவே இருக்கிற அந்த முத்திரை, வேறு ஊர்க்காரர் அந்தப் பெயரை வைத்து விற்பதைத் தடுக்கும். நல்லது. ஆனால் பெயரைக் காப்பது வேறு, கூலியைக் காப்பது வேறு. முத்திரையில் ஊர் பெயர் இருக்கும். பின்னியவளுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது இருக்காது. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கென்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1996இல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. அதில் இந்தியா இன்னும் சேரவில்லை.

இனி நம் காரியத்துக்கு வருவோம். ஆட்வென்ட் பஜாரில் நம் வாலிபர் ஐக்கியம் ஊர்க் கைவேலைகளை விற்கப் போகிறது. சித்தியும் அவரோடு பின்னும் நாலைந்து பேரும் ரேந்தை அனுப்புகிறார்கள். ஐந்து யூரோவுக்கு மேல் யாரும் வாங்கமாட்டார்கள் என்று ஒரு தம்பி சொன்னார். இருக்கலாம். எதற்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் அகலமான கரை ஒரு முழம் பின்ன எவ்வளவு நேரம் என்று சித்தியைக் கேட்டேன். “வேற சோலி இல்லாத நாளுன்னா ரெண்டு நாளு” என்றார்கள். நாளுக்கு ஏழு மணி நேரம் என்று வையுங்கள், பதினான்கு மணி. ஜெர்மனியில் 2025இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோவாக இருந்தது. பெருக்கினால் 179 யூரோ 48 சென்ட். நூல், தபால் தனி.

இந்த விலைக்கு விற்போம் என்று நான் சொல்லவில்லை. ஊரில் விலைவாசி வேறு, எனக்குத் தெரியும். ஐந்து யூரோவுக்கும் 179 யூரோவுக்கும் நடுவில் ஒரு எண்ணை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அதைச் சித்தியையும் வைத்துக்கொண்டு முடிவு செய்வோம். பொருளுக்கு விலை வைத்துவிட்டு அதில் என்ன மிஞ்சும் என்று பார்க்காமல், அவர்களுடைய மணிக்கூலியை முதலில் முடிவு செய்து அதிலிருந்து விலைக்கு வருவோம் என்பது என் யோசனை. மலிவாக வேண்டுமென்றால் ஒரு முழத்தை வெட்டி, புத்தகக் குறியாக ஒரு சாண் துண்டுகள் செய்யலாம். சபைக்கு வரும் ஜெர்மன் விருந்தினர் புத்தகக் குறி வாங்குவார்கள்.

மேசையில் நிற்கப் போகிறவர்கள் ஒன்று கற்றுக்கொள்ளுங்கள். யாராவது கையில் எடுத்து இது இயந்திரமா என்று கேட்பார்கள். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுங்கள். இயந்திர லேஸில் நூலை அமுக்கித் தைத்த தையல் குவியல் தெரியும், ஓரத்தில் மெல்லிய சிம்பு நிற்கும். கைப்பின்னலில் ஒவ்வொரு நூலும் எங்கே போய் எங்கே திரும்புகிறது என்று விரலால் தொடர்ந்து பார்க்கலாம். எர்ஸ்கெபிர்கெக்காரர் யாராவது வந்தால் அவரே உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்.

ஒவ்வொரு துண்டிலும் ஒரு சிறு அட்டை கட்டுகிறோம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஜெர்மன். பின்னியவர் பெயர், எத்தனை மணி நேரம், அவர் கையில் சேரும் தொகை. மூன்றே வரி. எழுத்து அழகாக உள்ளவர்கள் எனக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், அட்டைகளைப் பிரித்துத் தருகிறேன்.

பெயர் போடப் போகிறோம் என்று வாட்ஸ்அப்பில் சொன்னதும் சித்தி சிரித்துவிட்டார்கள். “எதுக்கு மக்ளே என் பேரு? சாமான் நல்லா இருக்கான்னு பாத்து வாங்குனா போதாதா?” அன்று நைட் டூட்டி முடிந்து போனை எடுத்தால், அவர்களிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்தது. இனிஷியல் சேர்த்துப் போட வேண்டுமாம். அப்பா பேருக்கு ஒரு எழுத்து, ஊர் பேருக்கு ஒரு எழுத்து.